மலைப்பாதையில் அழுத்திய பொத்தான்

மகளுக்குக் கல்யாணமான சில மாதங்களில் சம்பந்தி வீட்டாரை ஏலகிரிக்கு அழைத்துப் போனேன். புது வண்டியைக் காட்டிக்கொள்ளும் ஆசைதான் உண்மையான காரணம். ராயப்பேட்டையில் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை நடத்துகிறவன் நான். அவர்கள் அடையாற்றில் சொந்த வீடு உள்ளவர்கள். கல்யாணத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் சம்பந்தியம்மாவும் என் மனைவியும். பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலை விரிந்ததும் ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டுக் காலை மடக்கிக்கொண்டேன்.

“இதுக்குப் பேரு க்ரூஸ் கன்ட்ரோல், சம்பந்தி. வேகத்த ஒரு தபா செட் பண்ணிட்டா வண்டியே புடிச்சிக்கினு போவும். காலே வெக்க வேணாம்.”

கண் பார்வை மங்கியதிலிருந்து அவர் வண்டி ஓட்டுவதில்லை. அவர்கள் வீட்டில் ஓட்டுவது சம்பந்தியம்மாதான். தெரிந்திருந்தும் வழி முழுக்க அவருக்கே விளக்கிக்கொண்டு வந்தேன்.

சம்பந்தியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மலைல இத ஆஃப் பண்ணிடுவீங்க இல்ல?”

“அதெல்லாம் வண்டி பாத்துக்கும்மா” என்றேன். நான் அதுவரை ஏறியிருந்த பெரிய மேடு கத்திப்பாரா மேம்பாலம்.

மலை அடிவாரத்தில் பிரேக் போட்டதும் க்ரூஸ் நின்றுவிட்டது. சில வளைவுகளைக் காலாலேயே ஓட்டினேன். பிறகு கொஞ்சம் நேரான ஏற்றம் வந்தது. சம்பந்தி பார்க்கட்டும் என்று, விட்ட வேகத்தைத் திரும்பப் பிடிக்கும் பொத்தானை அழுத்தி, மறுபடி காலை மடக்கிக்கொண்டேன். விட்ட வேகம் என்பது நெடுஞ்சாலை வேகம். அது எனக்கு உறைக்கவில்லை.

வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. எதிரே அடுத்த வளைவு. அதில் ஒரு பஸ் இறங்கிக்கொண்டிருந்தது. மடக்கி வைத்திருந்த கால் பிரேக்கைத் தேடியது. என் மனைவி அலறினாள். எப்படி மிதித்தேனோ, வண்டி குலுங்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனது. யாருக்கும் அடியில்லை.

“வண்டில ஏதோ கோளாறு” என்றேன். மறுபடி கிளப்பப் பார்த்தேன். கால் சொன்னபடி கேட்கவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் இறங்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சம்பந்தியம்மா இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். “நான் ஓட்டட்டுமா, அண்ணா?”

அத்தனை பேர் பார்க்க இறங்கிப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன். காது இரண்டும் சுட்டது. கோளாறு என்று நான் சொன்ன வண்டி அவர் கையில் முனகல்கூட இல்லாமல் ஏறியது.

மேலே போய்ச் சேர்ந்ததும் மகள் போன் செய்தாள். எடுத்தவர் சம்பந்தியம்மா. அப்பாதானே ஓட்டினார் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். “அப்பாக்கு லேசா முட்டி வலிம்மா. அதான் நான் ஓட்டினேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் கிளம்பும்போது சாவியை என்னிடம் நீட்டினார். “நீங்க ஓட்டுங்கண்ணா. பொறுமையாவே போலாம்.” நான் மீள்வதற்கு அவர் விட்ட வழி அது. மன்னிப்புக் கேட்கவும் அதுதான் நேரம். நானோ குனிந்து முட்டியைத் தடவினேன்.

“இன்னும் வலிக்குதும்மா.”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “சரிண்ணா” என்று நீட்டிய சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். சம்பந்தி வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார், அல்லது பார்ப்பதுபோல் நின்றார்.

அடையாறு வரை அவரே ஓட்டினார். அவர்கள் இறங்கிக்கொண்டதும் ராயப்பேட்டைக்கு நான்தான் ஓட்டி வந்தேன். மயிலாப்பூரில் லஸ் சிக்னலில் நின்றபோது மனைவி சொன்னாள்: “அந்தம்மா எறக்கத்துல ஓட்டச்சொல்லோ நான் தூங்கிட்டேன். நீ ஓட்டச்சொல்லோ என்னிக்காச்சும் தூங்கிக்கீறனா?”

கோபமாகக் கேட்கவில்லை, அவளுக்கே அப்போதுதான் தோன்றியது போலக் கேட்டாள். பச்சை விழுந்தும் நான் கிளப்பாமல் இருந்தேன். பின்னால் ஆட்டோக்காரர் கத்தினார்.