மெனிக்கே மிஸ் எழுதிய அட்டை

பேய், முனி என்று யாராவது பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆஸ்பத்திரிப் பதிவறையில் முப்பது வருடம் இருந்தவன் நான். எண் இருந்தால் கோப்பு இருக்கும், எண் இல்லையென்றால் ஆளே இல்லை, அதுதான் உங்கள் மதம் என்று என் மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பப் போவதில்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வடக்கில் சண்டை, கண்டியில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு, பெயர் வேண்டாமே, முதல் கம்ப்யூட்டர் வந்தது. பழைய அட்டைகளை அதில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை நடைமுறை இதுதான்: ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதிய ஓர் அட்டை, அட்டையில் ஓர் எண், அந்த எண்ணைக் கொண்டு போனால் உள்ளறை ராக்கையிலிருந்து கோப்பை எடுக்கலாம். ஏழு மாதம் முதுகொடிய உட்கார்ந்து தட்டி முடித்தேன். முடித்த கையோடு, மெஷின் இருக்கும்போது இந்தக் குப்பை எதற்கு என்று பெரிய மேதாவி மாதிரிச் சொல்லி, அட்டைகளைச் சாக்குகளில் கட்டிப் பக்கத்துக் களஞ்சிய அறைக்கு அனுப்பிவிட்டேன். சாக்குகளின் மேல் வருடத்தைக்கூட எழுதவில்லை. காலியான அட்டை அலுமாரியை ஒரு தச்சர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கறையான் இருந்தால் மானம் போகுமே என்று ஒவ்வொரு இழுப்பறையையும் கவிழ்த்துத் தட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் நானே துடைத்து வைத்தேன்.

அடுத்த மாதமே மின்வெட்டு தொடங்கியது. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் கிடையாது. ஜெனரேட்டர் ஒப்பரேசன் தியேட்டருக்கும் அவசரப் பிரிவுக்கும் மட்டும்தான். என் மெஷின் ஊமையாக உட்கார்ந்திருக்கும், நானும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். கோப்பு கேட்டு வருகிறவர்களிடம் நாலு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

அப்படி ஒரு மதியம், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் தானே படியிறங்கி வந்தார். பின்னால் ஒரு தேயிலைத் தோட்டத்து மனிதர், சட்டையெல்லாம் வியர்வை. மடுல்கெல்லயிலிருந்து மனைவி ராசம்மாவை வேன் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார். வயிற்றுக்குள் குடல் வெடித்து, அந்த அம்மாவுக்குக் காய்ச்சலில் நினைவே இல்லை.

"தம்பி, இவவுக்கு உடனே ஒப்பரேசன் செய்ய வேணும். ஆனா முந்தி இங்க மயக்க மருந்து குடுத்து மூச்சு நிண்டிருக்கு. எந்த மருந்தெண்டு தெரியாமக் குடுக்க எனக்குப் பயமாக் கிடக்கு. அரை மணித்தியாலத்துக்கு மேல பொறுக்கவும் ஏலாது."

"எந்த வருஷம்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"எம்பத்து மூணுங்க சார், கலவரத்தப்ப. ஊரடங்குல நான் தோட்டத்துல மாட்டிக்கிட்டேன். அவ இங்க தனியாத்தான் கெடந்தா. பாத்துக் குடுங்க சார், மூணு புள்ளைங்க இருக்கு."

டோர்ச்சை எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்கு ஓடினேன். பதினெட்டுச் சாக்கு. ஒன்றை அவிழ்த்தால் எழுபத்தொன்பது, இன்னொன்றை அவிழ்த்தால் தொண்ணூறு. ஒரு பெண் செத்துப்போனால் அது என் அவசரப் புத்தியால்தான் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அழுகை வந்துவிட்டது, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்போதுதான் அந்தச் சத்தம். பக்கத்துப் பதிவறையில், தச்சர் இன்னும் எடுத்துப் போகாத அட்டை அலுமாரியின் இழுப்பறையை யாரோ இழுக்கும் சத்தம். ஈரத்தில் மரம் ஊதி, அவை லேசில் வராது, இழுத்தால் முனகும். பத்து வருடம் கேட்ட சத்தத்தில் நான் ஏமாற மாட்டேன். டாக்டர்தான் தேடுகிறாராக்கும் என்று போனேன். அறையில் ஒருவருமில்லை. எண்பத்து மூன்று என்று ஒட்டியிருந்த இழுப்பறை ஒரு சாண் வெளியே நின்றது. உள்ளே ஒரே ஓர் அட்டை. ராசம்மா, மடுல்கெல்ல, கீழே எண்.

சாய்ந்த, நீட்டு வால் வைத்த எழுத்து. எனக்கு முன் அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த மெனிக்கே மிஸ்ஸுடையது. கண்டிச் சிங்களப் பெண்மணி, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஓர் அட்டை கோணலாக இருந்தாலும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். அவர் இறந்து அப்போது மூன்று வருடம்.

யோசிக்க நேரமில்லை. எண்ணைப் பார்த்துக் கோப்பை உருவினேன். மேலே சோமாவதி, பேராதனை என்று இருந்தது. பெயர் வேறு, ஊர் வேறு. ஆனாலும் படிக்கட்டடியில் நின்ற டாக்டரிடம் கொண்டு ஓடினேன். அவர் டோர்ச் வெளிச்சத்தில் புரட்டினார். இடது முழங்கையில் பழைய தீத்தழும்பு என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சிவப்பு மையில் அந்த மருந்தின் பெயர், மூச்சு நின்றது, மீண்டும் கொடுக்க வேண்டாம். அவர் மேலே ஓடி அந்த அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்பு இருந்தது.

வேறு மருந்து கொடுத்தார்கள். ராசம்மா பிழைத்துக்கொண்டார்.

மின்சாரம் வந்ததும் மெஷினில் தேடினேன், மடுல்கெல்ல ராசம்மா என்ற பெயரே இல்லை. சரி, துடைக்கும்போது ஓர் அட்டை மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுப்பறையையும் நானே சரியாக மூடியிருக்க மாட்டேன் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியதையெல்லாம் கையாலும் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தேன். கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களை உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போகிற அன்று ராசம்மாவை வார்ட்டில் பார்த்தேன். கோப்பில் ஏன் வேறு பெயர் என்று கேட்டேன்.

"அன்னைக்குக் கம்பி, தடியோட ஆளுக வாசலுக்கு வந்து தமிழ் ஆளுக இருக்காங்களான்னு கேட்டாங்க சார். இங்க இருந்த ஒரு மிஸ்தான் கட்டில்ல தொங்குன என் டிக்கெட்ட, கோப்ப எல்லாம் மாத்தி எழுதினாங்க. நல்லா தமிழ் பேசுவாங்க. நீ இன்னைக்கு சோமாவதி, வாயத் தொறக்காதன்னாங்க. என் பேர் எழுதுன அட்டைய அலுமாரில வச்சா அவனுக பொரட்டிப் பாத்துருவானுகன்னு தன் கைப்பையில போட்டுக்கிட்டாங்க. எல்லாம் அடங்கட்டும், அது வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்னாங்க. நான் மறுபடி வந்தா யாரைக் கேக்குறதுன்னேன். யாரையும் கேக்க வேணாம், நானே எடுத்துக் குடுப்பேன்னு சிரிச்சாங்க. அவங்க நல்லா இருக்காங்களா சார்?"

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது.

மெனிக்கே மிஸ்ஸின் மரண வீட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மலர்வளையம் கொண்டு போனவன் நான்தான். அக்கா எங்கே போனாலும் இந்தப் பையோடுதான் போவாள் என்று அவருடைய தங்கை அழுதபடி, மண்ணிறக் கைப்பையை, திறந்துகூடப் பார்க்காமல், பெட்டிக்குள் அவர் கைப்பக்கம் வைத்ததைக் கண்ணால் பார்த்தேன். மயானத்தில் தீ மூட்டும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

அட்டை இப்போது என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன். ஓரம்கூடக் கருகவில்லை.