ஜெரால்டு எழுதிய வரியை அழித்தவன் நான்

ஜெரால்டு போய்விட்டான். காலையில் சின்னாளப்பட்டியிலிருந்து போன்... மாரடைப்பாம். என்னைவிட எட்டு வயது சின்னவன்.

நான் வேலை பார்க்கும் கல்யாண மண்டபத்துக்குத் தேதி புக் செய்யும் வெப்சைட்டை எழுதியவன் அவன்தான். அவன் தனியாகத் தொழில் பார்க்கப் போனதும் அந்த புரோகிராம் என் தலையில் விழுந்தது. டிப்ளமோவையே அரியர் வைத்துத் தேறிய தலை இது.

தேதி காலியா என்று ஸ்கிரீனில் ஒருமுறை பார்க்கும். சேவ் அழுத்தினால் சர்வரில் மறுபடி பார்க்கும். ஒரே விஷயத்துக்கு எதற்கு இரண்டு காவல்? சர்வரில் இருந்ததை அழித்தேன். "ஜெரால்டு தப்பையே உங்கப்பன் திருத்திட்டேன் பாரு" என்று என் மகளிடம் பீற்றல் வேறு...

ஆவணியில் ஒரே முகூர்த்தத்தை இரண்டு வீட்டாருக்குக் கொடுத்துவிட்டோம். ஆபீசின் இரண்டு கம்ப்யூட்டரிலும் காலையில் திறந்து வைத்த பக்கம். ஒன்றில் புக் ஆன பிறகும் மற்றதில் 'காலி' என்றே நின்றது; சேவ் அழுத்தியதும் அதுவும் ஏறிவிட்டது. செம்பட்டி வீட்டார் பத்திரிகையே அடித்துவிட்டார்கள்.

முதலாளி கத்தினார். "ஜெரால்டு எழுதுன பழைய புரோகிராம் சார்" என்றேன். வாய் கூசவில்லை.

அவனை வரவழைத்தார்கள். ஃபைலைத் திறந்தான். என்னை ஒரு பார்வை...

"ஏண்ணே, பிரியாணிக் கடை போர்டுல மட்டன் இருக்குன்னு எழுதியிருந்தா போதுமா? அண்டாவத் தொறந்து பாக்க வேணாமா? ஸ்கிரீன் வெறும் போர்டுண்ணே. சர்வர்தான் அண்டா."

"யாருப்பா செஞ்சது?" என்று முதலாளி வந்து நின்றார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"என் தப்புதான் சார்" என்றான் ஜெரால்டு.

படியிறங்கும்போது, "ஏன்டா அப்பு இப்படிச் சொன்ன?" என்றேன்.

"உங்களுக்கு இந்த ஒரு எடந்தான. எனக்கு நாலு எடம் இருக்கு. விடுங்க, ஒரு டீ சொல்லுங்க."

டீ சொன்னேன். அம்புட்டுதான் நான் செய்தது.

முதலாளி ஊரெல்லாம் "அவன் வேலை சரியில்ல" என்றார். அந்த நாலு இடத்தில் இரண்டு போனது. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இன்று அதே முதலாளி ஆபீஸ் குரூப்பில் "அருமையான புரோகிராமர்" என்று போட்டு, கைகூப்பும் பொம்மை. அதற்குக் கீழே நானும் ஒரு பொம்மை. த்தூ...

சற்று முன் அந்த ஃபைலைத் திறந்தேன். அவன் திரும்பப் போட்ட வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கிறது. இத்தனை நாள் தாண்டித் தாண்டிப் போவேன்.

"அண்ணே, இத மட்டும் அழிச்சிராதீங்க."

அதற்குக் கீழே, முன்பு அழித்தது நான்தான் என்று என் பெயரோடு எழுதியிருக்கிறேன். இந்தப் பதிவு குரூப்புக்கும் போகிறது, முதலாளியும் படிக்கட்டும்.

நாலு மணிக்கு அடக்கம். வாரேன்டா ஜெரால்டு.