சிவப்பு மூடி, நீல மூடி

சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்று, நீல மூடி போட்டது ஒன்று. இரண்டிலும் பார்வைக்கு ஒரே வெள்ளைக் களிம்பு, ஒரே வாசனை. போடிமெட்டுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்த காலத்தை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது இவைதான். பிறகு, அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் டாக்டர். என்னைவிட மிகவும் இளைய பெண்; கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர்.

மழைக்காலம் வந்தால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குச் சேற்றுப்புண் வரும். விரலிடுக்கு வெந்து வெடித்துவிடும்; செருப்புக்கூடப் போட முடியாது. புதிதாக வந்த ஒரு களிம்பைப் பற்றி டாக்டர் எங்கோ படித்திருந்தார். பழையதே போதும் என்ற மேனேஜரிடம் விடாமல் வாதாடி அதை வரவழைத்தார். மேல் டிவிஷன் பெண்களுக்குப் புதியதும் கீழ் டிவிஷனுக்குப் பழையதும் கொடுத்தோம். மேலே புண் மளமளவென்று ஆறியது. இனி எல்லோருக்கும் இதையே வாங்கலாம் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்.

டாக்டருக்குத்தான் நிம்மதி இல்லை. ஒரு மத்தியானம் கீழ் டிவிஷனுக்கு நடந்துபோய், முழங்கால்வரை சேற்றோடு திரும்பினார்.

"சிஸ்டர், கீழே ஓடைத் தண்ணிலயே நின்னுண்டு பறிக்கறா. மேலே சரிவு, தண்ணி நிக்கறதே இல்லை. ஆத்தினது மருந்தா, மேடாங்கறது எப்படித் தெரியும்?"

"அதான் மருந்து கேட்டிருச்சே டாக்டர், இன்னும் எதுக்கு?" என்றேன்.

"அது ஜெயிக்கணும்னு நேக்கு ஆசை இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு."

இந்த முறை சீட்டுப் போட்டு ஆட்களைப் பிரிக்கலாம் என்று முடிவு செய்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ப் பெண்களிடம் கேட்டோம். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூத்த தொழிலாளி முன்னால் வந்தார்.

"ஒருத்திக்குப் புதுசு, ஒருத்திக்குப் பழசா? அவ காலு காலு, எங்காலு கட்டையா தாயி?"

டாக்டர் அவர் பாதங்களையே பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். "பெரியம்மா, உங்களுக்கு ரெண்டு கால் இருக்கே!"

ஒரு காலுக்குப் புதியது, மற்றதற்குப் பழையது. இரண்டும் ஒரே சேற்றில்தானே நிற்கின்றன. எந்தக் காலுக்கு எந்த மூடி என்பதை ஒவ்வொருவருக்கும் காசைச் சுண்டித் தீர்மானித்தோம். எந்த மூடிக்குள் எந்த மருந்து என்பது அடைத்துக் கொடுத்த கம்பவுண்டருக்கு மட்டுமே தெரியும். பூசுகிற பெண்களுக்கும் தெரியாது, புண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டருக்கும் தெரியாது. பூசுமுன் இரண்டு கால்களையும் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். இதற்கு எல்லோரும் சம்மதித்தார்கள். அதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது; இன்று போடியில் மகள் வீட்டில் இருக்கிறேன். செல்போனில் நாளுக்கொரு அதிசய மருந்து வருகிறது. அனுப்புகிறவர்களிடம், "மத்தக் காலு என்னாச்சு?" என்று கேட்கிறேன். அவர்களுக்குப் புரிவதில்லை.

நடுவில் ஒருநாள் பெரியம்மா தயங்கித் தயங்கி வந்தார். "செவப்புத்தான் புதுசுன்னு மனசு சொல்லிச்சு. ரெண்டு காலுக்கும் அதையே பூசிட்டேன். கணக்குல இருந்து என்னைய விட்டுருங்க."

அவரை விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். டாக்டர் மறுத்தார். "நமக்குப் பிடிக்காததையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துட்டா, கடைசில நம்ம ஆசைதான் மிஞ்சும். காசு விழுந்தபடி எந்தக் காலுக்கு எதுவோ, அப்படியே அவரும் கணக்குல இருக்கட்டும்."

மழை ஓய்ந்தபோது கம்பவுண்டர் ரகசியத்தைச் சொன்னார். இரண்டு கால்களிலும் புண் ஒன்றுபோலவே ஆறியிருந்தது. புதிய களிம்பில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், மேனேஜர் முன்னாலேயே டாக்டர் பெண்களிடம் சொன்னார்: "இந்த மருந்து ஒசத்தின்னு நான்தான் சொன்னேன். அப்படி இல்லை. பழையதே போதும்."

"அப்ப எதுல ஆறிச்சு?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஈரம் போகத் துடைச்சதுனால இருக்கலாம். ஆனா எல்லாக் காலையும் துடைச்சோம், அதனால இதை வச்சுச் சொல்ல முடியாது. நேக்குத் தெரியலை."

மேனேஜர் வேறெங்கோ பார்த்தார். பெரியம்மாதான் கூடையைச் சரிசெய்துகொண்டே முன்னால் வந்தார். தடுப்பூசி போட நாங்கள் போகும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடு அவருடையது.

"தெரியலன்னு சொல்லுத டாக்டர இப்பத்தான் பாக்கேன் தாயி," என்றார். "நாளைக்கு எம் பேத்திய ஊசிக்குக் கூட்டியாரேன்."