பகலில் எரிந்த விளக்கு

மாலை நாலு மணி இருபது நிமிடம். கும்மிடிப்பூண்டியில் அக்கா வீட்டு வாசலில் நின்ற பழைய கறுப்புக் காரின் முன்விளக்குகள் இரண்டும் வெயிலில் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடியில் பூசிய சந்தனத்துக்குப் பின்னால் அவை மஞ்சளாக, சோர்ந்து தெரிந்தன. அன்று ஆயுத பூஜை. எழுபதுகளின் தொடக்கம், தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். நான் சென்னையில் பத்திரிகை நிருபர், விடுமுறைக்கு வந்திருந்தேன். அக்கா அந்த ஊரின் பெண் டாக்டர். காரைத் தானே ஓட்டுவார். "டாக்டரம்மா வருது, ஓரமா போ" என்று முதலில் கேலியாகச் சொன்ன கடைத்தெரு, பிறகு அதையே வழிவிடுவதற்காகச் சொல்லப் பழகியிருந்தது.

விளக்கு எரிவதைச் சொல்ல உள்ளே போனேன். அக்கா கூடத்தில் குனிந்து நின்றிருந்தார். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். முதல் பிரசவம், முந்தைய நாளிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடந்தது. அறுவை சிகிச்சைக்குச் சென்னைக்குப் போயாக வேண்டும். லாரிகளுக்கெல்லாம் மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள்; படுக்கவைத்துக் கொண்டுபோக அக்காவின் காரைத் தவிர வேறு வண்டி இல்லை. புருஷன் வாசலில் நின்று, "அது பொழச்சிக்குமா டாக்டரம்மா?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அக்கா நேரே காரிடம் வந்தார்.

டாஷ்போர்டில் ஒரு குமிழ். இழுத்தால் விளக்கு எரியும், தள்ளினால் அணையும். அக்கா தள்ளினார். அசையவில்லை. சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை முனகி நின்றது. பேட்டரி இறங்கியிருந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பல்பைக் கழற்றச் சொன்னார் ஒருவர். எளாவூர் சோதனைச்சாவடி வழியாக ஆந்திராவுக்கு லாரி ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர், "ஒயரை அறுத்துடலாம்மா, பேஜாரே இல்ல" என்று கத்தியோடு வந்தார்.

"அறுத்துட்டு? போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடும். உன் பீடி நெருப்புல ஓட்டட்டுமா?"

சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. நோயாளியிடம் கேட்பது போலவே கேட்டார்.

"கடைசியா இதை யாரு தொட்டது?"

"நான்தாம்மா" என்றார் லாரிக்காரர். "பூஜை போட்டது நானாச்சே. சூடம் காட்டச்சொல்லோ லைட்டைப் போட்டேன்."

"சந்தனம் எங்கெல்லாம் வெச்சே?"

"ஒண்ணு வுடல. ஸ்டேரிங்கு, கியரு, இந்தக் குமிழு. இழுத்துக்கினு வந்து, தண்டு மேலயும் நல்லா அப்பினேன். சாமி காரியமாச்சே."

இரண்டு மணிக்கு அப்பிய சந்தனம் குங்குமத்தோடு சேர்ந்து தண்டைச் சுற்றி இறுகிப்போயிருந்தது. வெயிலில் விளக்கு எரிவது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதலில் பேட்டரியின் கம்பியைக் கழற்றச் சொன்னார். விளக்கு அணைந்தது. லாரிக்காரர், "அவ்ளோதான், கிளம்பலாமா?" என்றார். "இது அணைச்சது இல்லப்பா, மயக்கம் கொடுத்திருக்கு" என்றார் அக்கா. கண்ணாடி சிரிஞ்சில் ஸ்பிரிட்டை உறிஞ்சி, குமிழின் இடுக்கில் ஊசியை நுழைத்துச் செலுத்தினார். மஞ்சள் நிறத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றினார். மறுபடியும் செலுத்தினார். பிறகு குமிழைத் துணி சுற்றிப் பிடித்து, அழுத்தாமல், இடமும் வலமுமாக மிக மெல்லத் திருகினார். அவசரம் அவருடைய தோளில் தெரிந்தது, விரலில் தெரியவில்லை. குமிழ் உள்ளே போயிற்று. ஸ்பிரிட் உலரும்வரை பேட்டரியைத் தொடக்கூடாது என்று சொல்லி, என் கையிலிருந்த செய்தித்தாளால் விசிறச் சொன்னார். என் செய்தி வெளியாகியிருந்த தாள் அது. அதைவிட உருப்படியாக அது பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

கம்பியை மாட்டினார்கள். விளக்கு எரியவில்லை. குமிழை இழுத்தார், எரிந்தது. தள்ளினார், அணைந்தது. பின்சீட்டில் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தோம்; அவள் தலைமாட்டில் புருஷன் உட்கார்ந்துகொண்டான். நெற்றியில் விபூதியோடு நின்ற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் காரைத் தள்ளினார்கள். "தள்ளு நைனா, சாமி தேரு மாதிரி தள்ளு!" கார் இருமி, உயிர் பெற்றது.

நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றபோதும் அக்கா எஞ்சினை அணைக்கவில்லை. செங்குன்றத்தில் இருட்டியது. அக்கா குமிழை இழுத்தார். எதிரே தார்ச்சாலை வெளிச்சத்தில் நீண்டது. பின்சீட்டுப் பக்கம் திரும்பாமலே, "பொழச்சிக்குவா" என்றார். புருஷனின் கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. பெரிய மனிதர்கள் பலரை அருகிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறேன். அன்று அந்தக் காரில் அவருடைய தம்பியாக உட்கார்ந்திருந்ததைப் போல எங்கும் உட்கார்ந்ததில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு லாரிக்காரர் கார் முழுக்கப் பொட்டு வைத்தார். குமிழை விட்டுவிட்டு, அக்காவின் சிரிஞ்சுக்கு ஒரு பொட்டு வைத்தார்.

அன்றிரவு சென்னையில் பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளர். போன மாதம் அக்காவைப் பார்க்க ஸ்கூட்டரில் வந்தார். நடுப்பகல். வாசலில் இருந்த நான் கையை விரித்து மூடி, விளக்கு எரிவதாகச் சைகை காட்டினேன். சிரித்தபடி வண்டியை நிறுத்தினார். இப்போது வரும் ஸ்கூட்டர்களில் விளக்கை அணைக்கப் பொத்தான் கிடையாது.