குண்டு பல்புக்குக் கீழே அப்பா

போன வாரம் உடுமலைப்பேட்டைப் பக்கம் அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கரண்ட் இல்லையென்று பழைய ஆயில் இஞ்சினை ஓட்டினார். டீசல் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆறு வயசாகிப்போச்சு.

எங்களுடையது கூட்டுக் கிணறு. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை. முறை மாறுகிற ஒரு சாயங்காலம், பங்காளிச் சித்தப்பாவை யாரோ மண்வெட்டியால் வெட்டிப்போட்டார்கள். அப்பாதான் என்று கேசாகி, ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அஞ்சாவதோடு நின்றுகொண்டேன்.

ஆனால் நான் நம்பவில்லை. தோட்டத்தில் இஞ்சின் சத்தம் கேட்கிறது. வீட்டில் அப்பா குண்டு பல்புக்குக் கீழே சம்மணம் போட்டு ராகிக்களி உண்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை. வெட்டு நடந்த நேரத்தில் அதை நான் கண்ணால் பார்த்தேன். வெளியே சொல்லக் கூச்சம். அறுபது வருசம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

போன வாரம் தோட்டத்தில்தான் அதை அண்ணனிடம் சொன்னேன்.

"பல்பா? அப்பன் ஜெயிலுக்குப் போனதுக்கப்புறந்தானே அம்மணி நம்மூட்டுக்குக் கரண்டே வந்துச்சு? நீ பாத்தது, அக்கா கல்யாணத்துக்குப் பரோல்ல வந்தப்ப."

"அப்ப அன்னைக்கு அப்பா ஊட்டுல இல்லீங்களாண்ணா?"

"களி ஆறுதுன்னு அம்மா என்னையத்தான் கூப்புட அனுப்புச்சு. நான் போகையில மண்வெட்டி அப்பன் கையில இருந்துச்சு."

"யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

"இப்பத்தான் சொல்றேன் கண்ணு."

அண்ணனுக்கு அப்போது பத்து வயசு. எனக்காவது நம்புவதற்கு ஒரு அப்பா இருந்தார். அவருக்கு அதுவும் இல்லை.