கொடி எழுத்தில் அழகுமலை

போன வாரம் மகள் தன் தோழியின் பிறந்தநாளுக்குப் போனிலேயே ஒரு வாழ்த்து அட்டை செய்துகொண்டிருந்தாள். எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய அலங்கார எழுத்து, ஃபான்ட் என்பார்களே, அது. "அம்மா, ஓரமெல்லாம் பிசிறு பிசிறா வருது, என்னன்னு பாரேன்" என்று நீட்டினாள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் வேறொரு எழுத்தைத் தொட்டு மாற்றி, அட்டையை அனுப்பியும் விட்டாள். நான்தான் பிசிறிலேயே நின்றுவிட்டேன்.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு லேசர் பிரிண்டரின் சூடான டோனர் மை வாசனை வரும். கூடவே கொஞ்சம் புளியோதரை வாசனையும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பத்மாதான் சம்பந்தம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். மதுரையில் டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்த டி.டி.பி. கடையில் நானும் பத்மாவும் தட்டச்சு செய்தோம். நான் கோச்சடையிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். அவள் மகால் பக்கத்துச் சௌராஷ்டிரப் பெண், நடந்தே வந்துவிடுவாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது, உங்களுக்காக இல்லை என்று முதலாளி அண்ணன் அடிக்கடி ஞாபகப்படுத்துவார். மத்தியானம் அவள் வீட்டுப் புளியோதரைக்கு என் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பைக் கொடுத்து மாற்றிக்கொள்வோம். நஷ்டம் எப்போதும் அவளுக்குத்தான். கடைப் போனில் அவள் அம்மாவோடு வீட்டுப் பாஷையில் பேசிச் சிரிக்கும்போது நடுவில் என் பெயர் மட்டும் எனக்குப் புரியும்.

"என்னையத்தானடி சொன்ன?"

"உன்னைய இல்ல, உன் குழம்பச் சொன்னேன்."

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த ஒரு சிடியில்தான் அந்த எழுத்து இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் வாலும் கொடி மாதிரி சுருண்டு, நுனியில் ஒரு மொட்டோடு நிற்கும். நாங்கள் அதற்குக் கொடி எழுத்து என்று பெயர் வைத்தோம். கண்ணீர் அஞ்சலி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுத் தீர்த்தோம். கண்ணீர் அஞ்சலிக்கும் பத்மா ஒருமுறை போட்டாள், அண்ணன் கடைசி நேரத்தில் பார்த்துவிட்டார்.

நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேச்சி என்ற அக்கா, மகனின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். மாமன் சீர் கொண்டு வராத காதுகுத்து ஊர் வாய்க்கு அவல். பேச்சியக்காவோடு கூடப் பிறந்தது ஒரே அண்ணன், அழகுமலை. வயல் பிரிப்பில் வந்த சண்டைக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"எங்க அண்ணன் பேரத்தான்த்தா பெருசாப் போடணும். சின்னதாத் தெரிஞ்சா அதையே சாக்கா வச்சு வராம இருந்துரும்" என்றது.

கொடி எழுத்தில் போட்டுக் கொடுத்தோம். பத்திரிகையை வாங்கிய அழகுமலை வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு "எழுத்து நல்லாருக்கு" என்றாராம். அத்தனை வருடத்துக்குப் பிறகு அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. பேச்சியக்கா மறுநாளே ஓடிவந்தது. மண்டப வாசலில் பிளெக்ஸ் வைக்க வேண்டும், அண்ணன் பெயர் அதே எழுத்தில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி.

அப்போதுதான் ஊருக்குள் பிளெக்ஸ் வந்திருந்தது. அச்சடிக்கிற இடம் கப்பலூரில். செய்துமுடித்து சிடியில் ஏற்றி அனுப்பினோம். விசேஷத்துக்கு முந்தின நாள் காலையில் அங்கிருந்து போன். "அக்கா, பேரு மட்டும் எலி கடிச்ச மாதிரி இருக்கு. அப்படியே ஓட்டிரவா?"

ஓடிப்போய் அந்த ஃபைலைத் திறந்தேன். திரையில் பிசிறு தெரிந்தால் "ஸ்க்ரீன்லதான் அப்படி, அச்சுல சரியாயிரும்" என்று கஸ்டமர்களுக்குச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது வேதவாக்காகிவிட்டது, இதையும் அப்படியே விட்டிருந்தோம். பெயரைச் சின்னப் படமாக மாற்றி அதை இழுத்துப் பெரிதாக்கினால் பிசிறும். ஆகவே முதல் சந்தேகம் என் மேல். பார்த்தால் நான் படமாக மாற்றவே இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து கொடி எழுத்தை அழித்து, சிடியிலிருந்து மறுபடி ஏற்றி அடித்துப் பார்த்தோம். அதே பிசிறு. பத்மா பெயரைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். ழகரத்தின் வளைவு ரம்பம் போல நின்றது.

"ஏய், கோளாறு நம்ம மேல இல்லடி. எழுத்தே இப்படித்தான்."

யாரோ தாளில் இருந்த சின்ன எழுத்தை ஸ்கேன் செய்து அப்படியே கம்ப்யூட்டரையே வரைய விட்டிருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த அழுக்கையும் அது எழுத்தென்று நம்பி வரைந்திருக்கிறது. பத்திரிகையில் சின்னதாக இருந்தவரை தெரியவில்லை, அவ்வளவுதான்.

"வேற எழுத்துப் போட்ருவமா?" என்றார் முதலாளி அண்ணன். நாங்கள் இருவரும் ஒரே குரலில் "வேணாம்ண்ணே" என்றோம். அந்த மனிதருக்குப் பிடித்தது அந்த எழுத்துதான்.

அழகுமலையை எழுத்திலிருந்து வெறும் கோடாக மாற்றினோம். கோட்டின் மேல் எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள். வளைவுக்குத் தேவையானதை விட்டுவிட்டு மற்றதை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். ஒன்றைக் கூடுதலாக அழித்துவிட்டால் 'ம' வயிறு சரிந்து படுத்துவிடும். ஒருத்தி அழிக்க, இன்னொருத்தி கதவோரம் போய் நின்று தூரப் பார்வை பார்ப்பாள். "அந்த மொட்டு கோணுதுடி." "இப்பச் சரி, தொடாத." சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துபோனோம். மத்தியானம் சாய்ந்தபோது அழகுமலை வழுவழுவென்று நின்றார். உடனே புது சிடியில் ஏற்றிக் கப்பலூருக்கு அனுப்பினோம். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்த வேலையும் எனக்குத் தரவில்லை.

பேச்சியக்கா எங்களையும் அழைத்திருந்தது. மறுநாள் இரண்டு பேரும் இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போனோம். மேளம் கேட்டது. சீர்த்தட்டுக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நெட்டை மனிதர் வந்தார். வாசலுக்கு மேலே அவர் பெயர் மொட்டும் கொடியுமாக நின்றது. பத்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் மேலே பார்க்கவே இல்லை. ஆரத்தித் தட்டோடு நின்ற தங்கச்சியைத்தான் பார்த்தார்.

"என்னத்தா, இம்புட்டு மெலிஞ்சு போயிட்ட?"

பேச்சியக்கா தட்டை மறந்து முந்தானையால் முகத்தை மூடப் போனது. அண்ணன்தான் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவர்கள் இருவரும் அழுததைப் பார்த்துச் சுற்றி நின்ற சனமெல்லாம் அழுதது. பிளெக்ஸை யார் பார்த்தார்கள்? நாங்கள்தான் வாய் கொள்ளாத சிரிப்போடு அண்ணாந்து நின்றோம்.

அந்த பிளெக்ஸ் பிறகு ஆட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போயிற்று என்று கேள்வி. கடையிருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பத்மா அடுத்த வருடம் கல்யாணமாகிச் சேலத்துக்குப் போனாள். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு அங்கே வீடு மாறினார்கள், இங்கே அவள் அம்மாவும் மகால் பக்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டார். அந்தக் காலத்தில் கல்யாணமாகிப் போகிற பெண்கள் அப்படித்தான் காணாமல் போவார்கள். போன் நம்பர் கிடையாது, பெயரோடு இருந்த இனிஷியலும் மாறிவிடும். இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டேன், ஊரெல்லாம் பத்மாதான், அவளைத் தவிர.

அன்றைக்கு அந்த மண்டபத்தில் அந்த எழுத்தைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.