மோட்டார் சைக்கிளில் பூட்டிய வள்ளத்து ஜிபிஎஸ்

மன்னார் பட்டணத்துக் கடையில் நாங்கள் முதலில் பார்த்த கருவி என் கணவரோடு ஆங்கிலத்தில் பேசியது. மோட்டார் சைக்கிளின் கைபிடியில் பூட்டுகிற சின்னப் பெட்டி. மழைக்கும் புழுதிக்கும் ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர். எங்கள் ஊரின் பெயரை எழுதி ஒரு பொத்தானை அமுக்கினார். உள்ளேயிருந்த வெள்ளைக்காரி ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பவும் சொன்னாள்.

"இந்தப் பெட்டை ஏன் என்னோட கோவிக்கிறா? நான் இன்னும் கதிரையை விட்டு எழும்பவே இல்லையே" என்றார் இவர்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவர் மட்டும் சிரிக்காமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறந்த நாளிலிருந்து இந்த மண்ணில் திரிந்த மனிதருக்கு வழிகாட்டும் பெட்டி எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். கடைக்காரரும் அதைத்தான் கேட்டார். "தூரப் பயணம் போக" என்று பொய் சொன்னேன்.

நான் மன்னார்த் தீவுக்காரி, மீன்பிடிக் குடும்பம். இவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், அடம்பனில் நெல் விதைக்கிறவர். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். சீதன வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியிருப்பதுதான் வழக்கம். அதனால் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இவருக்கு வீடு தீவிலும் வயல் பெருநிலத்திலும் ஆகிவிட்டது. காலையில் பாலம் கடந்து போவார், பொழுதுபட முன்னம் பாலம் கடந்து வருவார். "கடலை வைத்துக்கொண்டு வயல்காரனைப் பிடித்திருக்கிறாள், அதுவும் சைவக்காரனை" என்று என் தகப்பன் ஊரெல்லாம் புலம்பினார். பிறகு அந்த வயல்காரன் கொண்டுவந்த புது அரிசியைத்தான் எல்லாருக்கும் முதல் வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த நாட்களில் நானும் அடிக்கடி பின்னால் ஏறிக்கொள்வேன். பாலத்தில் சோளகக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். மோட்டார் சைக்கிள் காற்றோடு மல்லுக்கட்டும், நான் சேலையோடு மல்லுக்கட்டுவேன். இவர் முன்னாலிருந்து கத்திக் கதைப்பார். எனக்கு ஒரு சொல்லும் கேட்காது, எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பேன். அப்படிச் சொன்ன ஓர் ஓமில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு கறவைப் பசு வந்து சேர்ந்தது. "நீர்தானே பாலத்தில ஓம் எண்டனீர்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போகிறோம் என்று நல்ல பாரை மீனாகப் பார்த்து ஓலைப்பெட்டியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்காரருக்கு வெள்ளிக்கிழமை மீன் நாள். சைவக்காரருக்கு அன்று சட்டி கழுவி மரக்கறி சமைக்கிற நாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பாதி வழியில்தான் இவருக்கு மணம் பிடித்தது. இறங்கினார், பெட்டியைத் திறந்தார், தலையில் கை வைத்தார். எறிய இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. வயல் கொட்டிலில் நெருப்பு மூட்டி, மீனைச் சுட்டு, உப்பும் இல்லாமல் தின்று தீர்த்தோம். வாய்க்கால் மண்ணை எடுத்துக் கை தேய்த்துக் கழுவிவிட்டு மாமியார் வீட்டில் போய் நல்ல பிள்ளைகளாக இருந்தோம். அந்த மீனின் ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. அப்படி ஒரு மீனை நான் பிறகு சாப்பிட்டதில்லை.

பிறகு சண்டைக் காலம். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது வண்டி. பிறகு வயலுக்கே போக முடியாத வருடங்கள். எல்லாம் முடிந்து திரும்பிப் போனபோது வரம்புகள் அழிந்து, பற்றை மூடிக் கிடந்தது. பக்கத்துக் காணிக்காரர் எல்லாரும் எது யாருடையது என்று திகைத்து நின்றார்கள். இவர் ஒருவரையும் கேட்கவில்லை. கத்தியால் பற்றையை வெட்டிக்கொண்டு உள்ளே போய் ஓர் இடத்தில் நின்று, "இதுதான் எங்கட வாய்க்கால் வாய்" என்றார். வெட்டிப் பார்த்தால் வாய்க்கால் இருந்தது.

அந்த மனிதர்தான் இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பின்னேரம் வயலிலிருந்து திரும்பும்போது, பாலத்துக்குத் திரும்பவேண்டிய சந்தியில் திரும்பாமல் நேரே தெற்கே போயிருக்கிறார். நறுவிலிக்குளம் தாண்டி, இன்னும் தாண்டி, சிலாவத்துறையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இருந்திருக்கிறார். முஸ்லிம் கடைக்காரர் இவருடைய தொலைபேசியிலிருந்து என்னை அழைத்தார்.

"அக்கா, பயப்பட ஒண்டுமில்ல. ஐயா எங்கட கடையிலதான் இருக்கார். கனநேரமா இருக்கார், அதான் எடுத்தனான்."

தம்பியையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஓடினேன். என் தம்பி மீன்பிடிக்கிறவன். வாயும் கையும் சும்மா இராதவன். எங்களைக் கண்டதும் இவர் எழுந்து நின்று, "கருவாடு வாங்க வந்தனான்" என்றார்.

எங்கள் வீட்டு வளவில் அன்றைக்கும் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. தம்பி என்னைப் பார்த்தான், நான் நிலத்தைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். "வாங்கியாச்சுத்தானே, வாங்கோ போவம்" என்றேன். தம்பி வண்டியை ஓட்ட, தன்னுடைய வண்டியில் முதன்முதலாகப் பின்னால் ஏறி இருந்து வந்தார் இவர். ஓட்டோவிலிருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அழுகை வந்தது. யார் மீது என்று தெரியாத கோபமும் வந்தது.

வைத்தியர், மறதி இனிக் கூடத்தான் செய்யும் என்றார். கொழும்பில் இருக்கும் மகள், "அம்மா, வண்டித் திறப்பை வாங்கி ஒளிச்சு வையுங்கோ" என்றாள். சரியான யோசனைதான். ஆனால் வண்டியையும் வயலையும் பறித்துவிட்டால் வேலிக்குள் கட்டிய மாடுபோல் ஆகிவிடுவார், அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் ஓடவும் வேண்டும், வீட்டுக்கு வந்து சேரவும் வேண்டும். பாம்பும் சாகவேண்டும், தடியும் முறியக்கூடாது என்று நினைத்துத்தான் அந்தப் பெட்டி தேடிப் புறப்பட்டேன்.

தொலைபேசி சரிவரவில்லை. வெயிலில் அதன் முகம் இருண்டுவிடும், காற்றில் அதன் பேச்சுக் கேட்காது, மணி அடித்தால் இவர் அதைக் கழற்றி "ஹலோ" என்பார். கடைப் பெட்டிக்குள் பேசிய வெள்ளைக்காரியையும் இவருக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் தம்பி சொன்னான்.

"அக்கா, உதுகள் ஒண்டும் வேண்டாம். வள்ளத்தில பூட்டுற ஜிபிஎஸ்ஸை வாங்குவம். உப்புத் தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது. வீட்டுக்கு ஒரு பொயின்ற் அடிச்சு விட்டா, அம்பு அந்தப் பக்கமே காட்டும். நான் இருட்டிலயும் அதைப் பாத்துத்தானே கரைக்கு வாறன்."

எனக்கு அது கர்த்தரே சொன்னது போல் இருந்தது. எங்கள் ஊரில் ஜிபிஎஸ் என்றாலே வள்ளத்துச் சாமான்தான். வலை எங்கே கிடக்கிறது, கரை எங்கே இருக்கிறது, இந்தியக் கடல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க எல்லாரிடமும் ஒன்று இருக்கும். தம்பியே பார்த்து வாங்கி, குழாய்த் துண்டும் வலைக் கயிறும் வைத்துக் கைபிடியில் கட்டினான். வீட்டு முற்றத்தில் நின்று அந்த இடத்தைப் பதிந்து பொயின்ற் அடித்தான். மீன்பிடிக்காரர் தவிர வேறு ஒருவரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள்.

சோதித்துப் பார்க்க நானும் பின்னால் ஏறினேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது அடம்பன் சந்தையைத் தாண்டியதும் இவர் அம்பைப் பார்த்தார், றோட்டை விட்டு இறங்கினார். வரம்பில் ஓடினோம். மாடுகள் விலகின. வயல் முடிந்து உவர் மண் வந்தது. "என்னப்பா, எங்க போறியள்?" என்று கத்தினேன், காற்றில் கேட்கவில்லை. சேற்றில் சக்கரம் புதைந்து நின்றபோது முன்னால் கடல். தண்ணீருக்கு அப்பால், கண்ணுக்கு எட்டின தூரத்தில், எங்கள் தீவின் பனைகள் கோடாகத் தெரிந்தன. அம்பு நேரே அங்கேதான் காட்டியது.

தம்பியைத் தொலைபேசியில் பிடித்து எனக்குத் தெரிந்த அத்தனை வசவும் சொன்னேன்.

"கடலில றோட்டு ஏதக்கா? வள்ளம் நேராத்தானே ஓடும். அது எனக்கு யோசினை வரேல்ல" என்றான், பாவம்.

"கழட்டி அவனிட்டயே எறிவம்" என்று கயிற்றில் கை வைத்தேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"இஞ்சரும், அதில கை வையாதையும். றோட்டு எனக்குத் தெரியும். வீடு எந்தப் பக்கம் எண்டதுதான் சில நேரம் பிடிபடுதில்லை. அதை மட்டும் இது சொல்லட்டும்."

அதுவரை அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சேற்றுக்குள் நின்று அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. பாரம் இறங்கிய ஆள் மாதிரி வண்டியை இழுத்து எடுத்து, றோட்டில் ஏற்றி, பாலத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. வைத்தியரைக் கேட்டிருந்தால் அவரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பிழையான பெட்டியோடு இரண்டு போகம் விதைத்து அறுத்தார் இவர். சந்தியில் நிறுத்துவார், அம்பைப் பார்ப்பார், எந்தப் பக்கம் வீடு என்று விளங்கியதும் மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வார். வாசல் படலையில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்படியில் செபமாலையை உருட்டிக்கொண்டு நிற்பேன். சத்தம் கேட்டதும் ஒளித்துவிட்டு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று சண்டை பிடிப்பேன். இப்போது நினைத்தால் அதுவும் நல்ல காலம்தான்.

கடைசியாக அவர் ஓடியது போன சிறுபோக அறுவடை நேரம். பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிட்டார். படலைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார், ஆனால் உள்ளே வரவில்லை. அம்பைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன்.

"தங்கச்சி, இது ஆருடைய வீடு? எனக்கு இந்த இடத்தைத்தான் காட்டுது" என்றார்.

"உள்ளுக்கு வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன்.

செருப்பைக் கழற்றி ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அந்நிய வீட்டில் இருப்பதுபோல் கதிரையின் விளிம்பில் இருந்தார். தேநீரை இரண்டு கையாலும் வாங்கினார்.

"வீட்டுக்காரர் வயலுக்குப் போயிட்டாரோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"அப்ப வரட்டும். இருந்து ஒருக்கால் கண்டிட்டுப் போறன்."

இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, நானும் அவருக்குப் பக்கத்தில் இருந்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.